முன்னூறு மீட்டர் தள்ளி

"எங்க நூலகத்தைக் காணோம்" என்றது தொலைபேசியில் வந்த குரல்.

"எதுல சார் காணோம்? போன்லயா, கம்ப்யூட்டர்லயா?" என்று கேட்டபடி அவள் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துக்கொண்டாள். நகரப் பேருந்துக் கழகத்தின் வரைபடப் பிரிவில் இந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு முப்பது முறையாவது கேட்பாள். நகரத்திலிருக்கும் இரண்டாயிரத்துச் சொச்சம் நிறுத்தங்களையும் வரைபடத்தில் நீலப் புள்ளிகளாக வைப்பதும், அவை இடம் மாறாமல் பார்த்துக்கொள்வதும் அவள் வேலை. அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் புள்ளி என்றே பெயராகிவிட்டது. ஏழு வருடத்தில் வராத புகார் இல்லை. என் வீடு ஏரிக்குள் இருக்கிறது என்பார் ஒருவர். வரைபடம் வெறும் சாம்பல் கட்டமாகத் தெரிகிறது என்பார் இன்னொருவர். பேருந்து ஆகாயத்தில் போகிறது என்று ஒரு பாட்டுக்கார அம்மாள் வாரந்தவறாமல் சொல்வார். விசாரித்தால் மேம்பாலமாக இருக்கும். பாதிப் புகார்களுக்கு அவளிடம் ஒரே மருந்துதான்.

"பக்கத்தை ஒரு தடவை புதுப்பிச்சுப் பாருங்க சார்."

"அதெல்லாம் பண்ணியாச்சும்மா. இனிமே என்னைத்தான் புதுப்பிக்கணும். நான் இங்க நூலகரா இருக்கேன். ரெண்டு மாசமா பஸ்ஸு எங்க வாசல்ல நிக்கிறதே இல்லை. டிரைவரைக் கேட்டா, பெட்டி அங்கேயே நூலகம்னு சொல்லிடுச்சு, இங்க எப்படி நிறுத்துறதுங்கறார். எனக்கு ஒண்ணும் புரியலை."

அவளுக்குப் புரிந்தது. போன வருடம் சாலையை அகலப்படுத்தியபோது நிறுத்தக் கம்பங்களையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள். அதிலிருந்து ஓட்டுநரின் முன்னால் இருக்கும் பெட்டிதான் எல்லாம். புள்ளி வந்ததும் அது நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும். சொன்ன இடத்தில்தான் கதவைத் திறக்கவேண்டும் என்பது உத்தரவு.

நூலகரை நாளை அழைப்பதாகச் சொல்லிவிட்டு வரைபடத்தைத் திறந்தாள். நீலப் புள்ளி வரைபடத்தில் ஒழுங்காகத்தான் சாலையோரம் இருந்தது. அதன் அடியில் மேலிருந்து எடுத்த படத்தை விரித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. நூலகத்தின் சிவப்புக் கூரை ஓரிடத்தில். புள்ளி முன்னூறு மீட்டர் தள்ளி, ஒரு நீளமான வெற்றுச் சுவரின் பக்கத்தில். முதலில் புள்ளிகள் இருக்கும் அடுக்கே மொத்தமாக நகர்ந்துவிட்டதோ என்று பார்த்தாள். அப்படியானால் எல்லாப் புள்ளிகளும் ஒரே பக்கமாக, ஒரே அளவு நகர்ந்திருக்கவேண்டும். முந்தைய நிறுத்தமும் அடுத்த நிறுத்தமும் ஆணி அடித்தாற்போல அதனதன் இடத்தில் இருந்தன. ஆகவே இது யாரோ கையால் செய்தது. திருத்தங்களின் வரலாற்றைப் புரட்டினாள். நிறுத்தத்தின் இடத்தைக் குறிக்கும் எண்ணில், தசமத்துக்குப் பின்னால் மூன்றாவது, நான்காவது இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. நாற்பத்தேழு, எழுபத்துநான்காகியிருந்தது. செய்தவரின் பெயர் இருக்கும் கட்டத்தில் அவள் பெயர் இருந்தது.

அன்று என்ன நினைப்பில் இருந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை.

திருத்துவதற்கு ஐந்து விநாடி போதும். எழுபத்துநான்கை அழித்து நாற்பத்தேழை அடித்தும் விட்டாள். சேமிக்கும் பொத்தானுக்கு விரல் போகும்போது, அந்த வெற்றுச் சுவருக்குப் பின்னால் நீண்டு கிடந்த கொட்டகையும் அதன் கூரையிலிருந்து கிளம்பிய வெள்ளைப் புகையும் கண்ணில் பட்டன. புகையில்லை, நீராவி. எந்த நாளிலோ எடுத்த படத்துக்குள் அது அசையாமல் நின்றிருந்தது. சேமிக்காமலே விரலை எடுத்துவிட்டாள். அது மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடம். அவளுடைய நாத்தனார் வேலை செய்யும் இடம்.

*

அவள் கணவன் தொலைதூர லாரி ஓட்டுபவன். மாதத்தில் இருபது நாள் வீட்டில் இரண்டு பெண்கள்தான்: அவளும், அவள் அண்ணி என்று கூப்பிடும் கணவனின் அக்காளும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணிக்கும் அவளுக்கும் சண்டை என்று எதுவும் இல்லை. பேச்சு என்றும் எதுவும் இல்லை. அண்ணி நாளெல்லாம் நின்றுகொண்டே போர்வைகளை மடிப்பவள். மாலையில் வேலை முடிந்து, வலிக்கிற முழங்காலோடு அந்தச் சுவரைப் பிடித்துப் பிடித்து நூலகம்வரை நடந்து சேர்வதற்குள் ஐந்தே முக்கால் பேருந்து போயிருக்கும். அடுத்ததில் கூட்டம். ஏழு மணிக்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்து, சாப்பிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள்.

இரண்டு மாதமாகத்தான் எல்லாம் மாறியிருந்தது. ஆறேகாலுக்கே அண்ணி வந்துவிடுகிறாள். வந்ததும் தேநீர் போடுகிறாள். அவளுக்கும் ஒரு டம்ளர் எடுத்துவைக்கிறாள். அன்றும் அப்படித்தான் வந்தாள். நீரில் ஊறி வெளுத்த விரல்களால் பீன்ஸைக் கிள்ளிக்கொண்டே, அடுக்குப் போர்வைக்குள் யாரோ விட்டுவிட்ட பல்செட்டைக் கண்டு மேஸ்திரி அலறியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"அண்ணி, இப்பல்லாம் சீக்கிரமே வந்துடுறீங்க" என்று மெதுவாகத் தொடங்கினாள் அவள்.

"நூலகம் ஸ்டாப்புதான் எங்க கேட்டுலயே வந்துடுச்சே! அங்க நூலகமும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. ஆனா கதவு திறக்குறப்ப அந்தப் பொண்ணு குரல் நூலகம்னு சொல்லும் பாரு, எங்க ஆளுங்க எல்லாரும் பெரிய படிப்பாளி மாதிரி ஏறுவாங்க. எவ புண்ணியம் கட்டிக்கிட்டாளோ, அவ நல்லா இருக்கணும்."

அவள் பீன்ஸ் நாரை விரலில் சுற்றிக்கொண்டாள். நீராவியின் வாசனை அண்ணியின் சேலையிலிருந்து மெல்ல எழுந்து சமையலறை முழுக்க நின்றது.

மறுநாள் அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு நேரில் போய்ப் பார்த்தாள். திரையில் விரல்நகம் அளவு இருந்த இடம் நடக்க நடக்க நீண்டுகொண்டே போயிற்று. சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து நீராவி வழிந்து மரங்களின் இடுப்புவரை நின்றது. அதற்குள் பன்னிரண்டு பெண்கள் பாதி கரைந்தாற்போல் நின்றிருந்தார்கள். மரத்தோடு கயிற்றால் கட்டிய ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் அண்ணி. அண்ணி தன்னைப் பார்த்துவிடக் கூடாதென்று அவள் எதிர்ப்பக்கமாக ஒதுங்கினாள். பேருந்து ஓசையில்லாமல் ஆவியை விலக்கிக்கொண்டு வந்தது. கதவு திறந்தது. "நூலகம்" என்றது குரல். பெண்கள் ஒவ்வொருவராக ஏறிக்கொண்டதும், அங்கே யாருமே இருந்ததில்லை என்பதுபோலச் சுவர் தனியாக நின்றது. தன் விரல் தடுமாறியதால் உண்டான இடம் இது என்று நினைக்கையில் அவளுக்குப் பயமாகவும் இருந்தது, என்னவோ ஒரு சந்தோஷமாகவும் இருந்தது.

அங்கிருந்து நூலகத்துக்கு நடந்தாள். நூலகர் ஒல்லியான மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். நீள மேசையைச் சுற்றி நாற்காலிகள் வரிசை பிசகாமல் காலியாக இருந்தன.

"நான்தான் சார் தப்பா அடிச்சது" என்றாள், உட்காருவதற்கு முன்பே. "ரெண்டு எண்ணு இடம் மாறிடுச்சு."

"ரெண்டு எண்ணுக்கா முன்னூறு மீட்டர்?"

"இன்னும் ரெண்டு எடம் முன்னாடி மாறியிருந்தா முப்பது கிலோமீட்டர் சார்."

"அப்ப எனக்கு யோகம்தான்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு தானாகவே தேய்ந்தது. "இங்க பெரிய எழுத்துப் புத்தகம் மட்டும் எடுக்குறவங்க ஒரு ஏழெட்டு பேர் வருவாங்கம்மா. கைத்தடி, கண்ணு ஆபரேஷன், இப்படி. அவங்களால சுவர்ப்பக்கம் எறங்கி நடந்து வர முடியலை. ஒருத்தர் நடந்து வந்து பார்த்தாரு. பாதியில ரோட்டோரமா உட்கார்ந்துட்டாராம். யாரோ ஆட்டோ புடிச்சு வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க. அப்புறம் அவரு வரலை."

அவர் அவளைக் குற்றம் சொல்லும் தொனியிலேயே பேசவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலையில் பிரிவுத் தலைவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அவர் பெருமூச்சு விட்டார். நூலகத்தை உடனே சரிசெய் என்றார். சுவரோரம் புது நிறுத்தம் வேண்டுமென்றால், ஏறுபவர் எண்ணிக்கை வேண்டும், ஒப்புதல் வேண்டும், போதாததற்கு இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே நானூறு மீட்டர் இருக்கவேண்டும் என்ற விதியைத் தளர்த்தவும் வேண்டும். "மூணு மாசம்னு வச்சுக்க. கெடைச்சாலும் கெடைக்கும், கெடைக்காட்டியும் போகும்" என்றார்.

அவள் இருக்கைக்கு வந்து நாற்பத்தேழை அடித்தாள். சேமித்தாள். புள்ளி நகரவில்லை. சுவரோரமே பிடிவாதமாக நின்றது. ஊருக்கெல்லாம் சொல்லும் மருந்தைத் தானும் செய்துபார்த்தாள், புதுப்பித்தாள். அப்போதும் நகரவில்லை. கணினி தன் நினைவில் வைத்திருந்த பழைய படத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அந்த நினைவை அழித்ததும், திரை ஒரு கணம் வெளுத்து, புள்ளி சிவப்புக் கூரையின் வாசலில் போய் இருந்தது. ஓட்டுநர்களின் பெட்டிகள் விடிகாலையில் பணிமனையில் புதிதாகிவிடும். மக்களின் கைப்பேசிகளில் பழைய படம் இன்னும் ஓரிரு நாள் கிடக்கும். அதுவரை அந்த இடம் சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது.

*

அன்று மாலை அண்ணி தேநீரை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"அண்ணி, அந்த ஸ்டாப்பை வச்சது நான்தான்."

அண்ணியின் கை அந்தரத்தில் நின்றது. தேநீர்த் தாரை அறுந்தது. "நீயா?" என்றாள். பதினொரு வருடத்தில் அவள் பார்த்தேயிராத ஒரு மலர்ச்சி அண்ணியின் முகத்தில் மெல்லப் பரவியது. "எனக்காகவா பண்ணினே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கின் நுனிவரை வந்தும் விட்டது. அந்த முகத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

"இல்லண்ணி. தெரியாம தப்பா பண்ணிட்டேன். இன்னைக்குத் திருத்திட்டேன். நாளையிலேர்ந்து அங்க நிக்காது."

அண்ணி டம்ளர்களைக் கீழே வைத்தாள். கரண்டியைக் கழுவினாள். கழுவிய கரண்டியை மறுபடியும் கழுவினாள். இவள் பக்கம் திரும்பாமலே, "தெரிஞ்சு செய்ய மாட்டே. தெரியாமலாவது செஞ்சியே" என்றாள். தேநீர் ஆறி ஆடை கட்டியது. எது பாராட்டு, எது குத்தல் என்று பிரித்தெடுக்க முடியாமல் அவள் அதைக் குடித்து முடித்தாள்.

மறுநாள் மாலை ஐந்தரைக்கு, புது நிறுத்தத்துக்கான விண்ணப்பத் தாளோடு சுவரோரம் போய் நின்றாள். அண்ணி எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். ஆனாலும் பன்னிரண்டு பேரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். "என் போன்ல இன்னும் இங்கதான் காட்டுது" என்று ஒருத்தி கைப்பேசியை நீட்டினாள். "அது பழசுக்கா. அப்படித்தான் காட்டும்" என்றாள் அவள். விண்ணப்பத்தில் முதல் கட்டம் நிறுத்தத்தின் பெயர். காலியாக விட்டால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். என்ன பெயர் எழுதட்டும் என்று கேட்டாள். சுவர் என்றாள் ஒருத்தி. ஆவி என்றாள் இன்னொருத்தி. "வேணாம்டி, ஆவின்னா ராத்திரி வண்டியில ஒருத்தனும் எறங்க மாட்டான்" என்று வேறொருத்தி சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேருந்து வந்தது. வேகத்தைக் குறைத்து, கிட்டத்தட்ட நின்றே விட்டது. ஓட்டுநர் பக்கத்துச் சன்னலை நகர்த்தினார்.

"அக்கா, பெட்டி பேச மாட்டேங்குது. அது பேசாத எடத்துல கதவைத் திறந்தா என்னைக் கேள்வி கேப்பாங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றார். அவருக்கும் முகம் சிறுத்திருந்தது. பேருந்து நகர்ந்து ஆவிக்குள் போயிற்று. அடுத்த வண்டிக்கு முப்பது நிமிடம்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அண்ணி எழுந்து, கைப்பையை அவளிடம் கொடுத்தாள். பிறகு ஒரு கையைச் சுவரில் வைக்கப் போனவள், அதை எடுத்து அவள் தோளில் வைத்தாள். கனமான கை, ஈரம் துணியைத் தாண்டி உறைத்தது. பதின்மூன்று பேரும் சுவரோரமாக நடந்தார்கள். அண்ணியின் முழங்காலுக்கு ஏற்ற நடை அது. மற்றவர்களும் அந்த அளவுக்கே அடியெடுத்து வைத்தார்கள். முன்னால் போகிறவர்களின் தலை மட்டும் தெரிந்தது, பிறகு தோள், பிறகு எதுவும் இல்லை, பிறகு மீண்டும் தலை. அவள் வரைபடத்தில் இந்தத் தூரத்தை ஆயிரம் முறை அளந்திருப்பாள். அதற்கு இவ்வளவு மூச்சு உண்டென்று தெரியாது.

சுவர் முடிந்த இடத்தில் ஆவியும் முடிந்தது. நூலகத்தின் சன்னல்களில் விளக்கு எரிந்தது.

"இதான் நூலகமா?" என்றாள் ஒருத்தி. இத்தனை வருடம் இதன் வாசலில்தான் பேருந்துக்கு ஓடியிருக்கிறார்கள். கட்டடத்தை நிமிர்ந்து பார்க்க நேரம் இருந்ததில்லை. வெளியே உட்கார ஒரு திட்டுகூட இல்லை. அண்ணி படியில் கால் வைத்து நின்று, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"உள்ள நாற்காலி இருக்கு" என்றாள்.

நூலகர் எழுந்து நின்றுவிட்டார். பெண்கள் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் கழற்றிவைத்துவிட்டு, நீள மேசையைச் சுற்றி ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். வெளுத்துச் சுருங்கிய இருபத்துநான்கு கைகள் மரப்பலகைமேல் என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தன. நூலகர் அலமாரியிலிருந்து பெரிய எழுத்துப் புத்தகங்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். முதலில் யாரும் தொடவில்லை. பிறகு அண்ணி ஒன்றை எடுத்தாள். போர்வையை விரிப்பதுபோல இரண்டு பக்கமும் உள்ளங்கையால் தடவி விரித்தாள். உதடுகள் அசைந்தன. கொஞ்ச நேரத்தில், தாளைப் புரட்டும் ஓசை அங்கொன்றும் இங்கொன்றுமாக அறை முழுக்கக் கேட்டது.

பேருந்து வந்து வாசலில் நின்றது. கதவு திறந்து, குரல் பெயரைச் சொன்னது. உள்ளே ஒருவரும் எழவில்லை. அவள் மட்டும் படிக்கு ஓடிவந்து, ஓட்டுநரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள், ஒரு நிமிஷம் என்பதுபோல. ஓட்டுநர் சன்னல் வழியாக உள்ளே பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கின்மேல் கைகளை மடித்துவைத்துக்கொண்டார்.