ஆறு மாலை போட்ட டிரெய்லர்

1

காலை ஒன்பது மணி ஒன்பது நிமிடம். ஒன்பது ராசியான எண் என்பதால், தாய்லாந்தின் கோராட்டில் புது வண்டி எடுக்கிற யாரும் அதற்கு முன் கை வைக்கமாட்டார்கள். ஒரத்தை ஒன்பது எட்டுக்கே டிரெய்லர் பட்டறை வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்து இருக்கையில். அந்த ஒரு நிமிடத்தில்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது.

அவளுக்கு ஆறு லாரிகள். அவளுடைய ஷெட்டுக்கு எதிர்வீட்டில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன்.

முதல் தொடக்கம்: ‘அந்த டிரெய்லரின் இதயம்—’

வேண்டாம். டிரெய்லருக்கு இதயம் இல்லை. பன்னிரண்டு சக்கரம் இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: ‘டிரெய்லர் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் ஒரத்தை தூங்கவில்லை.’

பொய். தூங்கினாள். குறட்டை என் வீடு வரை வந்தது.

பிரச்சினையை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

2

ஒரத்தையின் லாரிகள் மரவள்ளி மாவைக் கன்டெய்னரில் ஏற்றிக்கொண்டு லேம் சபாங் துறைமுகத்துக்குப் போகும். திரும்பும்போது காலி. அவளிடம் இருப்பவை எல்லாம் ‘மீன்முள்’. அதாவது தளமே இல்லாமல் வெறும் இரும்புச் சட்டமாக இருக்கும் டிரெய்லர்கள். கன்டெய்னரைத் தவிர அதன்மேல் எதுவும் நிற்காது. ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர் காற்றை இழுத்துக்கொண்டு வருவார்கள்.

இப்படியே போனால் ஒரு லாரியை விற்கவேண்டும். எது பழையதோ அது. அதை ஓட்டுபவர் புன்லெர்ட். லாரி போனால் அவரும் போகவேண்டும்.

பட்டறைக்காரர் ஹெங் வேறொன்றைக் காட்டினார். அதற்குத் தளம் உண்டு. பக்கப் பலகைகளை மாட்டினால் மூட்டை ஏற்றலாம். கழற்றினால் இரும்புக் குழாய். நான்கு மூலையிலும் பூட்டுகள் இருப்பதால் கன்டெய்னரும் உட்காரும். பனிக்காலத்தில் உயரமான கம்பிகளைச் செருகினால் கரும்பு.

(குறிப்பு: மீன்முள்ளைவிட இது ஒன்றரை டன் கனம். போகும்போது அந்த அளவுக்கு மாவைக் குறைக்கவேண்டும். ஹெங் இதைச் சொல்லவில்லை. ஒரத்தை கண்டுபிடித்தாள்.)

“ஏன் ஹெங், கனத்தைப் பத்தி வாயே தெறக்கல?”

“நீங்களே கேப்பீங்கன்னு தெரியும் அக்கா. நான் எதுக்கு முந்திக்கணும்?”

“போறப்ப ஒன்றரை டன் குறையுது. வர்றப்ப இருபது டன் கூடுது. இதைப் போய் மறைக்கிறியே.”

“அப்ப எடுத்துக்கிறீங்களா?”

“பேரமே இன்னும் ஆரம்பிக்கல. உக்காரு.”

இரண்டு மீன்முள்களைக் கொடுத்துவிட்டு அதை எடுத்தாள்.

3

புன்லெர்ட் என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

புது டிரெய்லர் வந்தால் பிழைப்பது அவருடைய லாரி. அவர் மகிழ்ந்திருக்கவேண்டும். அப்படித்தான் முதலில் எழுதினேன். ‘புன்லெர்ட்டின் கண்கள் கலங்கின. அவர் ஒரத்தையின்—’ அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. எதிர்த்தார்.

காரணம் இது. ஒவ்வொரு லாரியிலும் அதைக் காக்கிற தெய்வமாக ஒரு வண்டித்தாய் குடியிருக்கிறாள். ஓட்டுநர் தினமும் அவளுக்கு மாலை போடுவார். ஆனால் புது டிரெய்லரை ஆறு லாரிகளும் மாற்றி மாற்றி இழுக்கும்.

“அக்கா, தாய் லாரில இருக்காளா, டிரெய்லர்லயா?”

“லாரிலதான்.”

“அப்ப டிரெய்லருக்கு யாரு காவல்?”

“நான்.”

“நீங்க இங்க குறட்டை விட்டுட்டிருப்பீங்க. மலை இறக்கத்துல யாரு பிடிப்பா?”

மற்ற ஐந்து ஓட்டுநர்களும் சிரித்தார்கள். ஒரத்தையும் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

“முதல் மூணு நடை நீதான் இழுக்கிற. மூணு நடையும் சரக்கோட திரும்பி வா. உன் லாரிய விக்கமாட்டேன். ஒரு நடை காலியா வந்தாலும் வித்துருவேன்.”

4

(இந்தப் பகுதியை நீக்கிவிடலாம் என்று நினைத்தேன். நீக்க மனம் வரவில்லை.)

டிரெய்லரை ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்திய அன்று மதியம் ஆறு ஓட்டுநர்களும், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், அதற்கு ஆளுக்கொரு மாலையும் வண்ணத் துணியும் கட்டினார்கள். தட்டையான டிரெய்லரில் கட்டுவதற்குத் தோதாக மேலெழும்பி நிற்பவை மூலைப் பூட்டுகள் மட்டும்தான். ஆளுக்கு ஒன்பது சுற்று.

மறுநாள் மாவு ஆலையில் அதன்மேல் கன்டெய்னரை இறக்கினார்கள். உட்காரவில்லை. தூக்கி மறுபடி இறக்கினார்கள். பூட்டு நுழையவில்லை. பாரந்தூக்கியை ஓட்டிய பெண் எட்டிப் பார்த்தாள்.

“என்ன அண்ணே, மாவு ஏத்த வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?”

“பேசாம இரும்மா.”

“கத்தி தரவா?”

“ஐயோ! சாமி துணிம்மா அது.”

புன்லெர்ட் மற்ற ஐந்து பேருக்கும் போன் செய்தார். ஒவ்வொருவரிடமும் அனுமதி வாங்கி அவரவர் முடிச்சைக் கையால் அவிழ்த்தார். ஒரு மணி நேரம். தன்னுடையதைக் கடைசியாக அவிழ்த்தார். ஆறு மாலையையும் லாரிக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு டிரெய்லரைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை.

5

முதல் நடையில் உர மூட்டையோடு வந்தார். இரண்டாம் நடையில் தரை ஓடுகள்.

மூன்றாம் நடை இன்று. மதியம் மூன்று மணி. ஷெட்டில் நானும் ஒரத்தையும் பப்பாளிக்காய்க் கலவையும் ஒட்டரிசிச் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இலைக்குப் பக்கத்தில் அவளுடைய போன். எனக்குப் பக்கத்தில் நோட்டு. புன்லெர்ட் துறைமுகத்தில் காலையிலிருந்து சரக்குத் தேடுகிறார்.

முடிவு அ: காலியாக வருகிறார். எழுதுவது எளிது. கனமான கதை என்று சொல்வார்கள். எனக்கு வேண்டாம்.

முடிவு ஆ: மறுபடியும் உரம். நம்பலாம். ஆனால்—

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் ஒரே இரைச்சல்.

“அக்கா, சரக்கு ஏத்தியாச்சு!”

“என்ன சரக்கு?”

“ராட்டினம்.”

“என்னது?”

“ராட்டினம் அக்கா. கப்பல்ல வந்து இறங்கியிருக்கு. துண்டு துண்டா இருக்கு. பக்கப் பலகையக் கழட்டினேன், நடுத்தண்டு அளவெடுத்த மாதிரி உக்காந்துருச்சு. மீன்முள்ளா இருந்தா ஆள் உக்கார்ற தொட்டியெல்லாம் ரோட்டுல உருண்டிருக்கும்.”

“எங்க இறக்கணும்?”

“நம்ம ஊர்தான். கோயில் திருவிழாவுக்கு.”

ஒரத்தை சோற்று உருண்டையைக் கையிலேயே வைத்திருந்தாள். சிரிப்பில் தோள்கள் குலுங்கின.

“நான் சரக்குன்னுல்ல சொன்னேன்? இது வெளையாட்டு சாமான்.”

“பதினாலு டன் வெளையாட்டு சாமான்! எடை போட்ட சீட்டு இருக்கு.”

அவள் சோற்றை வாயில் போட்டுக்கொண்டாள். மென்றுகொண்டே இருந்தாள். அவள் முகத்திலிருந்து எனக்கு எதுவும் தெரியவில்லை. முடிவு இ என்று எழுதிவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அவளை இவ்வளவு நேரம் பார்த்திருக்கிறீர்கள். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

“அக்கா, லைன்ல இருக்கீங்களா? ராட்டினத்துக்காரரு முதல் சுத்து நமக்கு ஓசிங்கிறாரு. என் லாரிய விக்கிறீங்களா, இல்ல ஏறி உக்கார்றீங்களா?”