கரண்டி விழுந்த சத்தம்

டமார்!

கையிலிருந்து நழுவிய பிரியாணி டேக்சாவின் மூடி சிமெண்ட் தரையில் விழுந்து சுழன்றது. அதன்மேல் பரப்பியிருந்த தணல் நாலாபக்கமும் சிதறியது. ராசாத்தி சுட்ட விரலை உதறிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். மூக்கண்டப்பள்ளி சமுதாயக்கூடத்தின் பின்பக்கத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. மற்றவர்கள் முன்னால் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க்கா சத்தம்?" சுவருக்கு அந்தப் பக்கம், குழாயடியில் தொழுகைக்குக் கைகால் கழுவிக்கொண்டிருந்த ஜீனத் கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா, கரண்டி விழுந்துட்டு!"

பொய் தானாக வாயில் வந்துவிட்டது.

"கரண்டியா?" ஜீனத் கொஞ்சம் தயங்கினாள். "சரிங்க்கா."

பார்வையற்ற பெண்கள் விடுதிக்குச் சமையலறை கட்ட நிதி திரட்டும் விருந்து அது. தெருவுக்கு ஒரு டேக்சா என்று ஐந்து. ஆறாவது, விடுதியின் சார்பில் ஜீனத் சமைத்தது. குருபரப்பள்ளி நெடுஞ்சாலையில் பிரியாணிக் கடை வைத்திருந்த தஸ்தகீரின் மகள். பிறவியிலேயே பார்வை இல்லை, அடுப்படியிலேயே வளர்ந்தவள்.

ராசாத்தியின் கணவன் சுடலைமுத்து வேலை பார்க்கும் கம்பெனியின் கேண்டீன் சூப்பர்வைசர் விமல்ராஜ் இன்று சாப்பிட வருகிறார். பிடித்துப்போனால் வெள்ளிக்கிழமைதோறும் நூற்றைம்பது பேருக்குப் பிரியாணி ஆர்டர் விடுதிக்கு. அவரைப் பேசிச் சம்மதிக்க வைத்தவளே ராசாத்திதான்.

ஜீனத் மைதாமாவால் மூடியைச் சுற்றி ஒட்டிவிட்டு, "தம்முல இருக்குது, அரைமணி நேரம் யாரும் தொடக்கூடாது. நீங்க பாத்துக்கங்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பார்த்துக்கொள்ள வேண்டியவளுக்கோ இருப்புக்கொள்ளவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ராசாத்திக்குத் தெரிந்ததெல்லாம் குக்கர் பிரியாணி. ஒரு பங்கு அரிசி, இரண்டு பங்கு தண்ணீர். இந்தப் பெண்ணோ அரை வேக்காட்டு அரிசியைப் பிடிவாதமாக வடித்து, கறிமேல் கொட்டி மூடிவிட்டாளே! தண்ணீரே இல்லாமல் எதில் வேகும்? பாவம், கண் தெரியாதவள், மறந்திருப்பாள்.

அதனால்தான் மூடியைத் திறந்தாள், அது கைநழுவியது. இப்போது உள்ளே எட்டிப் பார்த்தாள். நினைத்தபடியே அரிசி விறைத்துக்கொண்டு நின்றது. இரண்டு சொம்பு தண்ணீரை ஊற்றி, ஒரு கிளறு கிளறி, மூடி போட்டு, பிய்ந்த மாவைத் தடவி, தணலை இடுக்கியால் பொறுக்கி மேலே வைத்தாள். நல்லவேளை, ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றினோம் என்று பெருமூச்சும் விட்டாள்.

ஒரு மணிக்கு ஜீனத் வந்து மூடியைத் திறந்தாள். மணத்தை இழுத்ததுமே அவள் முகம் மாறியது. கரண்டியை உள்ளே விட்டாள். களி கிண்டும்போது கனக்கிற மாதிரி கனத்தது. ஒரு சோற்றை எடுத்து விரலில் நசுக்கினாள், கூழாகிப் போனது.

தான் ஊற்றிய தண்ணீர்தான் என்று ராசாத்திக்குப் புரிந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குள் விமல்ராஜ் வந்துவிட்டார்.

அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயை இலை ஓரத்தில் ஒதுக்கினார்.

"பரவால்லம்மா. கண்ணு தெரியாம இவ்ளோ பண்றதே பெரிய விஷயம்" என்றார். "ஆர்டர் அப்புறம் பேசிக்கலாம்."

பக்கத்து இலையில் இருந்த சரசம்மா, "கொழஞ்சா என்ன? புண்ணியத்துக்குத்தான சாப்பிடறோம்! பல்லில்லாத எங்க வூட்டுக்காரருக்கு ஒரு பொட்டலம் கட்டுங்க" என்றாள். பந்தியே சிரித்தது. ஜீனத்தும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் ராசாத்தி தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

அதோடும் விட்டதா? மைக்கில் ராசாத்தியைக் கூப்பிட்டு, விருந்தை முன்னின்று நடத்தியதற்காகச் சால்வை போர்த்தினார்கள். கைதட்டல் ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுந்தது போலிருந்தது.

சால்வையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். ஜீனத் டேக்சாவின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, முக்கால் பதம்னு நசுக்கிப் பாத்துத்தான் வடிச்சேன். பத்து வருசமா தப்பாத வெரலு." சுரண்டிய கரண்டியைக் கீழே வைத்தாள். "விடுதியில சொல்லிடறேங்க்கா. இனிமே நான் வெங்காயம் உரிக்கறேன், அடுப்பாண்ட வேற யாராச்சும் நிக்கட்டும்."

வெளியே பைக் உறுமியது. விமல்ராஜ் கிளம்புகிறார்.

ராசாத்தி சால்வையைக் கீழே போட்டாள். ஜீனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கைகழுவ நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"சார், வண்டிய நிறுத்துங்க!"

"என்னங்க்கா?" என்றாள் ஜீனத்.

"அந்தப் பிள்ள சமைச்சதுல தப்பில்ல சார். தம்முல இருந்தத நான்தான் தொறந்தேன். வேகாதுன்னு ரெண்டு சொம்பு தண்ணி ஊத்துனேன். கண்ணு தெரியாத பிள்ளதானேன்னு... எனக்குத்தான் எல்லாம் தெரியும்னு நெனச்சிட்டேன்."

விமல்ராஜ் வண்டியை அணைத்தார். சரசம்மா நீட்டிய கையில் குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ஜீனத் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"மூடி விழுந்த சத்தம்னு அப்பவே தெரிஞ்சுதுங்க்கா. நீங்க கரண்டின்னீங்க, அதனால என் காதுதான் தப்புன்னு நெனச்சேன்."