எல்ஸ்பெத் வீட்டுச் சமையலறையில் இடது கம்பம்

போர்ட்னாரி கால்பந்து அணி சொந்த மைதானத்தில் தோற்கும்போதெல்லாம் அதன் கோல் கொஞ்சம் அகலமாகும். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் சின்ன மீன்பிடி ஊர் அது. கோடை முடிந்ததிலிருந்து அவர்கள் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. வலது கம்பம் சோம்பேறி, இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. இடது கம்பம்தான் மைதானத்துச் சுவரைத் தாண்டி, தெருவைக் கடந்து, மன்றோவின் ரொட்டிக்கடைக்குள் புகுந்து வெளியேறி, தபால் நிலையத்தில் கொஞ்ச காலம் நின்று பார்த்துவிட்டு, நவம்பரில் எல்ஸ்பெத்தின் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. அவள் கதவைத் திறந்து, "வந்தது வந்துட்ட, காலைத் துடைச்சிட்டு உள்ள வா" என்றாள். கம்பம் மிதியடியில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது.

கம்பம் நகர நகர மேலே இருந்த குறுக்குச் சட்டமும் கூடவே நீண்டது. ஊரார் அதில் துணி காயப் போட்டார்கள். ஆட்ட நாளில் மட்டும் துணிகளை எடுத்துவிட்டு, பந்துக்கு இடைஞ்சல் இல்லாமல் கதவு ஜன்னல்களையெல்லாம் திறந்து வைப்பார்கள். பாதி ஆட்டத்தில் இரு அணிகளும் பக்கம் மாறும் வழக்கத்தையும் விட்டுவிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களை அவ்வளவு பெரிய கோலில் கொண்டுபோய் நிறுத்தினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? அந்த ஊர்க்காரர்களின் மரியாதை அப்படிப்பட்டது.

கோல் அகலமானால் வலையும் நீள வேண்டும். மீனவர்கள் படகு படகாக வலைகளைக் கொண்டுவந்து கோலுக்குப் பின்னால் கட்டினார்கள். ஒரு முறை கட்டிய வலையை அடுத்த வெற்றி வரை அவிழ்க்கக் கூடாது என்பது லீக் விதி. ஆகவே படகுகள் துறைமுகத்தில் சும்மா கிடந்தன. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் கடலைப் பார்த்தபடி டின் மீன் தின்றார்கள். இதைவிடக் கேவலம் வேறு உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

மிச்சம் இருந்தது எல்ஸ்பெத்தின் வலை ஒன்றுதான். அவளுக்குச் சொந்தப் படகு உண்டு. மற்றவர்கள் மைதானத்தில் கத்திக்கொண்டிருக்கும் சனிக்கிழமைகளில் அவள் கடலில் இருப்பாள். ஊருக்கு வந்த கொஞ்சநஞ்ச மீனும் அவள் கொண்டுவந்ததுதான். அந்த வலையும் போய்விட்டால் பனிக்காலத்தை எப்படித் தள்ளுவது என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், கோல்கீப்பர் லாக்லன் அவளுடைய சொந்தத் தம்பி, அவளுடைய வீட்டிலேயே இருப்பவன். அக்காவும் தம்பியும் தினமும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள், நடுவில் கம்பம் நின்றது. வலையைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை.

கில்டார்வி அணி வந்த சனிக்கிழமை, நடுவர் வழக்கம்போல் ஆட்டத்துக்கு முன் கோலைச் சோதித்துக்கொண்டே நடந்தார். ரொட்டிக்கடையில் ஒரு பன் சாப்பிட்டு, தபால் நிலையத்தில் தபால்தலை வாங்கி, எல்ஸ்பெத்தின் சமையலறைக்கு வந்தார். லாக்லன் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"வாசல்லேருந்து கம்பம் வரைக்கும் வலையே இல்லையேம்மா" என்றார் நடுவர். "வலை இல்லாம ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லேன்னா தோல்வின்னுதான் எழுதணும்."

தோல்வி என்றால் கம்பம் பின்வாசல் வழியாக இறங்கிக் கடலுக்குள் போகும். எல்ஸ்பெத் தம்பியைப் பார்த்தாள். அவன் பூட்ஸைப் பார்த்தான்.

"வாயைத் திறந்து கேக்க மாட்டியாடா?"

"எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டுக்கா கேக்குறது?"

அவள் படகுக்குப் போய் வலையைத் தூக்கி வந்தாள். அதைத் தன் கையாலேயே கட்டினாள். முடிச்சுகளை இறுக்கமாகப் போட்டாள்.

வலை இல்லாததால் அன்று அவள் கடலுக்குப் போகவில்லை. தம்பி ஆடுவதை முதன்முறையாகப் பார்க்க, அடுப்போரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கில்டார்விக்காரர்கள் பந்தை ஓங்கி உதைத்தார்கள். அது சுவரைத் தாண்டி, தெருவில் இரண்டு குதி குதித்து, அவள் வீட்டை நோக்கி வந்தது. லாக்லன் அதைவிட வேகமாக ஓடி வந்தான். பந்துக்கு முன்னால் வாசலுக்கு வந்துவிட்டவன் அங்கேயே நின்று, மிதியடியில் வலது காலைத் துடைத்தான், பிறகு இடது காலைத் துடைத்தான். அதற்குள் பந்து ஜன்னல் வழியாக வந்து அவளுடைய வலையில் விழுந்துவிட்டது.

அட பாவி, இத்தனை மாதமும் இப்படித்தான் கோல் வாங்கியிருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

இடைவேளையில் அவன் டீ குடிக்க வந்தான். மறுபடியும் காலைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"இது என்னடா பழக்கம்?"

"நீ காலையிலதானேக்கா தரையைத் துடைச்சே" என்றான் லாக்லன். "மன்றோ கடையிலயும் அப்படித்தான். மாவு இருக்கிற இடம். சேத்தோட போனா நல்லாவா இருக்கும்?"

"மத்தவங்களும் இப்படித்தானா?"

"டூகல் நம்ம முன்வரிசைக்காரன். எதிராளியோட பெனால்டி பாக்ஸுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி கதவைத் தட்டுவான். யாரும் உள்ள வான்னு சொல்றதில்லை. திரும்பி வந்துடுவான்."

எல்ஸ்பெத் எழுந்தாள். மிதியடியைச் சுருட்டினாள், அடுப்பைத் திறந்து நெருப்பில் போட்டாள்.

"இந்தக் கோல் யாரோடது?"

"என்னோடது."

"அப்போ இந்த அடுப்பங்கரை?"

லாக்லன் கம்பத்தைப் பார்த்தான், வலையைப் பார்த்தான், டீயை ஒரு வாய் குடித்தான். "என்னோடதுதான்" என்றான்.

"அப்புறம் என்ன மண்ணுக்குடா காலைத் துடைக்கிற? சேத்தோட வா. பாத்திரம் பண்டம் எது உடைஞ்சாலும் உடையட்டும். பந்தை மட்டும் விட்டுடாதே. டூகல்கிட்டயும் சொல்லு. சொந்த ஊர்ல என்னடா கதவைத் தட்டுறது?"

சேதி வீடு வீடாகப் போனது. மன்றோ தன் மிதியடியை எடுத்து ரொட்டி அடுப்பில் போட்டார். தபால் நிலையத்தார் தங்களுடையதை மடித்து, தபால்தலை ஒட்டி, அனுப்பியது எதுவும் திரும்பி வராத ஓர் ஊருக்கு அனுப்பினார்கள்.

இரண்டாம் பாதியில் லாக்லன் ரொட்டிக்கடைக்குள் சேற்றோடு பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்தான். தபால் நிலைய மேஜை மேல் விழுந்து இன்னொன்றைத் தட்டிவிட்டான். மூன்றாவதுக்கு எல்ஸ்பெத்தின் சமையலறைக்குள் வந்தான். தரை முழுக்க வழுக்கிக்கொண்டே போய், கம்பத்துக்கு ஓரமாகப் போன பந்தை விரல் நுனியால் வெளியே தள்ளினான். சூப் பாத்திரம் கவிழ்ந்தது. "அப்படிப் போடு!" என்று அவள் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாள். அந்தத் தெருவில் யாரும் அப்படிக் கத்தியதில்லை. என் தம்பிடா, என் கூடப் பிறந்தவன்டா என்று கம்பத்தைப் பிடித்து உலுக்கினாள். கம்பமும் ஆமாம் என்பதுபோல் ஆடியது.

அப்புறம் டூகல் தட்டாமலேயே பெனால்டி பாக்ஸுக்குள் நுழைந்தான். கில்டார்விக்காரர்கள் "யாரது?" என்று கேட்பதற்குள் கோல் போட்டுவிட்டான். ஆட்டம் சமம். ஆனால் சமம் போதாது, வெற்றி வந்தால்தான் வலை அவிழும். நடுவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். லாக்லன் அடுப்போரம் நின்று பந்தைக் கீழே வைத்தான்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோ."

அவள் நாற்காலியோடு நகர்ந்தாள். அவன் உதைத்த பந்து ஜன்னல் வழியாகப் போய், தபால் நிலையத்தையும் ரொட்டிக்கடைப் புகைபோக்கியையும் மைதானச் சுவரையும் கடந்து, கில்டார்வியின் சின்னக் கோலுக்குள் விழுந்தது. நடுவர் விசில் ஊதினார். போர்ட்னாரி லீக் பட்டியலில் கடைசியிலிருந்து ஓர் இடம் மேலே ஏறியது. ஊரே உலகக் கோப்பை வாங்கியதுபோல் நடந்துகொண்டது, அதில் தப்பில்லை.

கம்பம் கிளம்பியது. எல்ஸ்பெத் வாசல் வரை போய் வழியனுப்பினாள். அது தபால் நிலையத்திலும் ரொட்டிக்கடையிலும் சொல்லிக்கொண்டு, பழைய இடத்தில் போய் நின்றது. லாக்லன் கோலின் நடுவில் நின்று கைகளை விரித்துப் பார்த்தான். முதுகு நேராக இருந்தது. தலை நிமிர்ந்திருந்தது. எல்ஸ்பெத்துக்கு நெஞ்சு நிறைந்துபோய்க் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சமையலறைத் தரையை அவள் துடைக்கவில்லை. அன்று மாலை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அந்தச் சேற்றுக் கால்தடத்தைக் காட்டி, "என் தம்பியோடது" என்றாள்.

மறுநாள் காலை எல்லாப் படகுகளும் புறப்பட்டன, எல்ஸ்பெத்தின் படகு முன்னால் போனது. இம்முறை லாக்லனும் கூட வந்தான். கரை மறைந்ததும் இருவரும் சேர்ந்து வலையை வீசினார்கள். லாக்லனைப் பார்த்ததும் கடல் எழுந்து நின்று கை தட்டியது. அது மறுபடி உட்காரும்வரை காத்திருந்து, எல்ஸ்பெத் வலையை இழுக்கத் தொடங்கினாள்.