அண்ணி தந்த நற்சான்று

வேலை போனதிலிருந்து லிப்ட் மெக்கானிக்குக்கு அண்ணன் வீட்டில் ஒரு புதுப்பட்டம் வந்திருந்தது: ‘சும்மா இருக்கிறவன்’. குழாய் ஒழுகினாலும் அவன், ரேஷனில் நிற்பதென்றாலும் அவன். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைப்பதும் அந்தச் சும்மாவில் அடக்கம். அண்ணனும் அண்ணியும் காலையில் ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

கடைசியாக வேலை கேட்டுப் போன கம்பெனியின் மேனேஜர் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“லிப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா எந்த நேரமானாலும் ஓடணும். வீட்டுல தடங்கல் ஏதாவது?”

“ஒண்ணும் இல்ல சார். கூப்பிட்ட குரலுக்கு வந்து நிப்பேன்.”

பெற்ற அப்பனை ஒரே வாக்கியத்தில் இல்லாமல் செய்துவிட்டோமே என்று வழியெல்லாம் நெஞ்சு குத்தியது. வேலை கிடைத்ததும் அப்பாவுக்கு ஓர் ஆளை வைத்துவிடலாம் என்று தேற்றிக்கொண்டான். அண்ணனிடம் சொன்னபோது செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

“வெளியாள் வந்தா அப்பாவுக்கு ஒத்துக்காதுடா. அவசரப்படாம நிதானமாத் தேடு.”

“நிதானமாத் தேட நான் என்ன பொண்ணா பாக்கறேன்?”

அண்ணி மட்டும் சிரித்தாள்.

மறுநாள் காலை, அப்பாவைக் குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து முதுகுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். கையை எடுத்தால் அவர் அப்படியே இடப்பக்கம் சரிந்துவிடுவார். கூடத்தில் சார்ஜில் கிடந்த அவன் போன் அடித்தது. அண்ணி எடுத்தாள்.

“கம்பெனி மேனேஜரா? சொல்லுங்க சார், நான் அவரோட அண்ணி.”

“அண்ணி, போனை இங்க குடுங்க!”

அவள் குளியலறை வாசலுக்கு வந்து, பொறு என்று உள்ளங்கையைக் காட்டினாள்.

“ராத்திரி கூப்பிட்டா வருவாரான்னா கேக்கறீங்க? ஐயோ சார், என் கொழுந்தன் மாதிரி பிள்ளை கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும். படுத்த படுக்கையா இருக்கிற மாமாவை ராவும் பகலும் அவருதான் பாத்துக்கறாரு. ஒரு அடி நகர மாட்டாரு. அவர் இல்லேன்னா இந்த வீடே ஓடாது சார்!”

“அண்ணி!”

நுரையில் அப்பாவின் தோள் வழுக்கியது. ஓடிப்போய்ப் போனைப் பிடுங்கலாம். அதற்குள் பெரியவர் மண்டை தரையில் மோதும். பிடியை இறுக்கினான்.

“உங்களைப் பத்தி உசத்தியாச் சொல்லிட்டேன் தம்பி. வாழ்த்திட்டு வச்சாரு.”

“திரும்பப் போட்டு என் காதுல வைங்க.”

வைத்தாள்.

“பொய் சொல்லிட்டியேப்பா,” என்றார் மேனேஜர். குரலில் கோபம்கூட இல்லை. “பரவாயில்ல, நல்ல மனசு உனக்கு. பெரியவரைப் பாரு. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

அவன் அண்ணியின் முகத்தையே பார்த்தான். வெகுளியா, சாமர்த்தியமா? ஒன்றும் பிடிபடவில்லை. “ஐயோ, பஸ் போயிடும்” என்று அவள் பையை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

அப்பா குழறினார். “வேலை... கிடைச்சுதா?”

“கிடைச்சுதுப்பா.”

“எங்க?”

“பக்கத்துலதான். அலைச்சலே கிடையாது.” மக்கில் தண்ணீரை மொண்டான். “கண்ணை மூடிக்குங்க, எரியும்.”