நாரைக்குப் போன குரல்

சனிக்கிழமை காலை, பறவை பார்க்க வந்திருந்த ஒரு பெண்ணின் குரல் அவளை விட்டுக் கிளம்பி, எதிரே சேற்றில் நின்ற சாம்பல் நாரையிடம் போய்ச் சேர்ந்தது. மின்தடைப் புகார்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்வது அவள் வேலை. கணவர் பல் மருத்துவர். விடுமுறைக்கு நாள் குறித்தது, தொலைநோக்கி வாங்கியது, யாரும் எட்டிப் பார்க்காத அந்த ஏரியை வரைபடத்தில் கண்டுபிடித்தது எல்லாம் அவர்தான். நாரையைக் காட்டி, "பார்த்தியா?" என்றார். அவள் வாயைத் திறந்தாள். "பார்த்தேன்," என்றது நாரை.

அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா, அடுப்பில் இருந்த பாலிலிருந்து கண்ணை எடுக்காமல் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "நாரைக்குத்தானே போச்சு? நல்லவேளை. முன்ன ஒரு வக்கீலோட குரல் தவளைக்குப் போயிடுச்சு. தவளை கோடை முழுக்க மண்ணுக்குள்ள தூங்கிடுச்சு, அவரும் வாயே திறக்கல."

பகலெல்லாம் இருவரும் கரையில் காத்திருந்தார்கள். "லைன்ல இருங்க சார், ஆள் அனுப்பியிருக்கோம்," என்று நாரை சொன்னபோது மருத்துவர் சிரித்தார். வெயில் சாய்ந்ததும் நாரை வேறு விஷயம் பேச ஆரம்பித்தது. "திரும்பிப் போகணும்னு நினைச்சாலே மூச்சு முட்டுது. நான் ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சா, முடிக்கறதுக்குள்ள நீங்க பதில் சொல்லிடறீங்க." அவர் திரும்பிப் பார்த்தார். மனைவி ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "பறவைக்கு என்ன தெரியும்," என்றார் அவர், சற்று உரக்கவே.

மறுநாள் நாரையைப் பிடிக்க மீன்வலை ஒன்றை இரவல் கேட்டார். "அந்த நாணல் பக்கம் மட்டும்..." என்று வீட்டுக்காரம்மா ஆரம்பிக்க, "தெரியும்மா," என்று வாங்கிக்கொண்டு இறங்கினார். நாணல் பக்கம்தான் இறங்கினார். முழங்கால் போனது, இடுப்பு போனது. அசைய அசைய சேறு உள்ளே இழுத்தது. கத்தினார், காற்று எதிரே வீசியது, வீட்டுத் தோட்டத்தில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் மனைவி வாயை மூடியபடி நின்றாள். கைக்கு எட்டாத தூரத்தில் நாரையும் பேசாமல் நின்றது. அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயம் உண்டு: பயத்தில் அவளுக்குச் சொல் வரவில்லை என்கிறார்கள் சிலர், யோசித்தாள் என்கிறார்கள் மற்றவர்கள்.

சேறு நெஞ்சுக்கு வந்தபோது அவர், "நீ சொல்லு, நான் கேக்கறேன்," என்றார்.

கரையில் அவள் உதடு அசைந்தது. "நான் உங்ககூட வரல. இங்கேயே இருக்கப் போறேன்," என்றது நாரை.

பதில் அவர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டுத் தலையை ஆட்டினார். அவள் மூச்சை இழுத்தாள். நாரை போட்ட கூச்சலில் ஏரிப் பறவைகள் மொத்தமும் எழுந்து வானம் இருண்டது. மோட்டார் சத்தத்தையும் மீறி அது வீட்டுக்காரம்மாவுக்குக் கேட்டது. கயிறோடு ஓடி வந்தார்.

கார் ஒற்றை ஆளோடு திரும்பிப் போனது. அவள் அந்த வீட்டின் பின்னறையில் தங்கிவிட்டாள். அலுவலகம் ஏரிக்கரைவரை ஒரு தொலைபேசி இணைப்பு கொடுத்தது. புகார் சொல்கிறவர்கள் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. மருத்துவர் சனிக்கிழமைகளில் வருகிறார். கரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது கேட்கிறார், பிறகு நாரை சொல்லி முடிக்கும்வரை இருக்கிறார். நடுவில் மீன் வந்துவிட்டால், அது விழுங்கி முடிக்கும்வரையும்.