வார்னிஷ் அடித்த கட்டில்

எதிர்வீட்டு மாடிப்படி என் சமையலறை ஜன்னலுக்கு நேராக அமைந்தது என் தப்பில்லை. சண்டை என்று வந்தால் ஊர் கேட்கப் போடவேண்டும். குசுகுசுவென்று போட்டால், மனுஷி அடுப்பையும் பார்த்துக்கொண்டு எப்படித்தான் கேட்பது?

அந்த வீட்டின் சொந்தக்காரருக்குத் தெருவில் 'சுவிட்ச்' என்று பெயர். யார் படிக்கட்டு விளக்கைப் போட்டாலும் பின்னாலேயே வந்து அணைத்துவிட்டுப் போவார். கீழ்த்தளத்தில் ஒரு பாதியில் அவர் குடும்பம், இன்னொரு பாதி காலி. மாடியில் டெய்லரம்மா, தனி ஆள். தெருவில் பாதிப் பேருடைய ரவிக்கை அவள் கம்பியில்தான் தொங்கும்.

இருவரும் குரலை உயர்த்த முடியாமல் போனதற்குக் காரணம் மூட்டைப்பூச்சி. மாடி அறையில் அது மண்டிவிட்டது. வெளியே தெரிந்தால் அவளிடம் யார் துணி கொடுப்பார்கள்? இவருடைய காலிப் பாதிக்குத்தான் யார் வருவார்கள்? ஆகவே அவள் மேல்படியிலும் இவர் கீழ்ப்படியிலும் நின்று, காய்ச்சல்காரர் தூங்கும் வீட்டில் பேசுவதுபோல அடித்துக்கொண்டார்கள். நான் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

பூச்சி வந்ததே மாடி அறையில் அவர் விட்டுவைத்த பழைய மரக்கட்டிலில் இருந்துதான் என்றாள் அவள். குடிவந்த அன்றே எடுத்துவிடச் சொன்னாளாம். இடமில்லை, மூலையில் கிடக்கட்டும் என்றாராம். அதனால் மருந்து அடிப்பது அவர் பொறுப்பு. அவரோ, கண்ணாடி மாதிரி வீட்டைக் கொடுத்ததாகவும், சுத்தமாக வைத்துக்கொள்வது குடியிருப்பவர் பாடு என்று ஒப்பந்தத்திலேயே இருப்பதாகவும் சொன்னார். ஊர்த்துணியெல்லாம் உள்ளே வந்தால் பூச்சி வராமல் பூவா வரும் என்று கேட்டார்.

"கட்டில் உங்களோடதுதானே சார்?"

"கட்டில் என்னோடதுதாம்மா. அதுக்குள்ள இருக்கிறது உன்னோடது," என்றாரே பார்க்கலாம்.

கொளுத்துகிற வெயிலிலும் அவள் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தாள். கேட்டவர்களிடம் வேர்க்குரு என்றாள். என்னிடமும் அதையேதான் சொன்னாள், நானும் நம்பியவள்போல் தலையாட்டினேன். ஒவ்வொரு துணியையும் கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, பாலிதீன் பையில் போட்டு இறுக முடிந்துதான் கொடுத்தாள். என் வீட்டுக்கு ஒரு பூச்சியும் வந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, வயிறு உப்பிப்போகும் அளவுக்கு அடக்கிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். எனக்கே ஆச்சரியம்.

கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. கட்டிலைக் கீழே இறக்கிவிடுவதாகவும், காலிப் பாதிக்கு ஆள் வந்ததும் மாடிக்கு மருந்து அடிப்பதாகவும், அதுவரை அவள் வாயைத் திறக்கக்கூடாது என்றும் அவர் சொன்னார். அவளும் சரி என்றாள். கட்டில் இறங்கியது. காயலான் கடைக்குப் போகும் என்று நினைத்தேன். சுவிட்ச் அதற்குத் தன் கையாலேயே வார்னிஷ் அடித்தார். தெரு முழுக்க நெடி. காய்ந்ததும் அது காலிப் பாதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

வீடு பார்க்க ஓர் இளம் ஜோடி வந்த அன்று, என் ரவிக்கை என்னவாயிற்று என்று கேட்கத் தற்செயலாக நான் அந்தப் படிக்கட்டில், காலிப் பாதியின் திறந்த கதவுக்கு நேராகத்தான் நின்றுகொண்டிருந்தேன். பெண்ணுக்கு வயிறு மேடிட்டிருந்தது. கட்டிலும் சேர்த்துத் தருவதாக சுவிட்ச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்துபோனது. அதில் உட்கார்ந்து பளபளப்பைத் தடவிப் பார்த்தாள். குழந்தையைச் சுவர்ப் பக்கமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று கணவனிடம் சொன்னாள்.

டெய்லரம்மா கழுத்தில் டேப்போடு பாதிப் படி இறங்கி அப்படியே நின்றாள். சுவிட்ச் அவளைப் பார்த்துவிட்டார். மனிதருக்கு அவ்வளவு நம்பிக்கை. "இதோ, மாடியில குடியிருக்கிறவங்க. வீடு எப்படின்னு அவங்களையே கேளுங்க," என்றார்.

அந்தப் பெண் சிரித்தபடி ஏறிட்டுப் பார்த்தாள். டெய்லரம்மா டேப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"எந்திரிம்மா," என்றாள். "அதுல உட்காராத. அது என் ரூம்ல கெடந்த கட்டில். மூட்டைப்பூச்சி. மேல என் ரூம்ல இன்னும் இருக்கு."

சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். முழங்கை வரை சிவப்பாகத் தடித்திருந்தது. அந்தப் பெண் துள்ளி எழுந்தாள். கணவன் அவள் முதுகைத் தட்டித் தட்டி விட்டான்.

சுவிட்ச் இப்போதும் குரலை உயர்த்தவில்லை. "உன் பொழப்புல நீயே மண்ணப் போட்டுக்கிட்டியேம்மா."

"தெரியும் சார்," என்றாள் அவள்.

தெருவுக்கு நான் சொல்லவில்லை. எனக்கு அந்த வேலையே வைக்காமல், வாசலில் நின்று அந்தக் கணவன் வீட்டுத் தரகரிடம் போனில் கத்திவிட்டுப் போனான். பொழுது சாய்வதற்குள் படிக்கட்டில் வரிசை நின்றது. தைத்தது, தைக்காதது எல்லாவற்றையும் விரல் நுனியால் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். நானும் போனேன். எல்லோரும் வாங்கும்போது நான் மட்டும் வாங்காவிட்டால், எனக்கு முன்பே தெரியும் என்றாகிவிடாதா?

"ஒரு கைதான்க்கா வெச்சிருக்கேன்," என்று பையை முடிந்து கொடுத்தாள். "வெந்நீர்ல அலசிடுங்க. இன்னொரு கைய வேற எங்கயாவது குடுத்து வெச்சுக்குங்க."

மறைக்க ஒன்றுமில்லாமல் போனதால் சுவிட்ச் உடனே ஆளைக் கூப்பிட்டு வீடு முழுக்க மருந்து அடித்தார். கட்டிலை உடைத்து வண்டியில் ஏற்றினார். குடியிருப்பவர்கள் இதையெல்லாம் ஆரம்பத்திலேயே சொல்லவேண்டாமா என்று இப்போது பார்ப்பவர்களிடமெல்லாம் நியாயம் கேட்கிறார்.

மாடியில் பூச்சி இல்லை. தையல் இயந்திரத்தின் சத்தமும் இல்லை. என் ரவிக்கையை அலசிக் கொடியில் போட்டிருக்கிறேன், அவள் ஜன்னலுக்கு நேராக. காய்ந்து வெகுநாளாகிறது. மேலே கொண்டுபோய்க் கொடுத்தால் தெரு பார்க்கும். எடுத்து உள்ளே வைக்கவும் மனசு வரவில்லை. ஒற்றைக் கையோடு ஆடிக்கொண்டிருக்கிறது.