அளவு ஜாக்கெட்

"அளவு எடுத்துக்கட்டுமா அத்தை? கையோட தைச்சுத் தந்துடறேன்."

"வேணாம். எனக்கு முக்குக்கடை டெய்லர் இருக்கார்."

மகன் இறந்த மறுமாதம், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று மருமகள் கேட்டதும் மாமியார் சொன்னதும் இவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண்ணின் கழுத்தில் தொங்கிய டேப் சட்டென்று சுருண்டு அவள் உள்ளங்கைக்குள் போனதை மாமியார் ஏழு வருடமாக மறக்கவில்லை. மகனைக் கொண்டுபோன எச்.ஐ.வி. மருமகளின் உடம்பிலும் இருந்தது. தவறாமல் மாத்திரை போட்டுக்கொண்டு, தெருவுக்கே தைத்துக் கொடுத்துக்கொண்டு, அவள் பாட்டுக்கு நன்றாகத்தான் இருந்தாள். அந்த விஷயத்தை மாமியார் ஓர் ஈ காக்கைக்குக்கூடத் தெரியவிட்டதில்லை. யாராவது சாடையாகக் கேட்டால், "அவளுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கா" என்று வாயடைத்துவிடுவாள். வெளியே இப்படி விட்டுக்கொடுக்காதவள், வீட்டுக்குள் மருமகளின் தட்டையும் டம்ளரையும் தனி அலமாரியில் பிரித்து வைத்திருந்தாள். தொட்டு அளவெடுக்கவும் விடவில்லை. பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்கென்று முக்குக்கடையில் கொடுப்பாள். அந்த டெய்லர் கையை இறுக்கி, கழுத்தைத் தொங்கவிட்டுத் தைத்துத் தருவார். அதைப் போட்டுக்கொண்டு அவஸ்தைப்படும்போதெல்லாம், அன்றைக்கு வேண்டாம் என்றிருக்க வேண்டாமே என்று தோன்றும். இனி எந்த முகத்தோடு கேட்பது? "நீ தைச்சுக் குடேன்" என்பது தொண்டை வரைக்கும் வந்து, "சாப்பிட்டியா?" என்று மாறி வெளியே விழும்.

இந்த வருடம் அந்தத் தொண்டைக்கு வேறு வேலை வந்துவிட்டது. விடாத இருமல். மாமியார் பாதியாக இளைத்துப்போனாள். அதே சமயம் மருமகளின் கழுத்தோரம் ஒரு கட்டி எழும்பியது. ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் டி.பி. என்றார்கள். மருமகள் மருந்து வாங்க நகர்ந்ததும் மாமியார் நர்ஸின் காதோரம் குனிந்தாள்.

"இவகிட்டேருந்துதானே எனக்கு ஒட்டிக்கிச்சு?"

"முதல்ல மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்துங்கம்மா. அவங்களுக்குக் கழுத்துக் கட்டியில மட்டும்தான். அது அடுத்தவங்களுக்குப் பரவாது. உங்களுக்கு நுரையீரல்ல இருக்கு, இருமினா காத்துல பரவும். அவங்க உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி, சட்டுனு பிடிச்சுக்கும். பார்க்கப்போனா, உங்ககிட்டேருந்து அவங்களுக்கு வந்திருக்கலாம்."

மாமியார் மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் தன் தட்டையும் டம்ளரையும் தூக்கிக்கொண்டு போய்த் தனி அலமாரியில் வைத்தாள். மருமகளுடையதை எடுத்து வந்து நடு அடுக்கில், நல்ல பாத்திரங்களோடு வைத்தாள். நியாயம் என்றால் எல்லோருக்கும் நியாயம்தானே. பார்த்துக்கொண்டிருந்த மருமகள் கழுத்துக் கட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அத்தை, இது காத்துல பரவறது. தட்டுல ஒட்டாது." பிறகு குரல் இறங்கியது. "என்னோட அந்த இன்னொண்ணும் தட்டுல ஒட்டாது."

"அதை ஏண்டி இத்தனை வருஷமா சொல்லல?"

"சொன்னேனே. நீங்க மிக்ஸியைப் போட்டுட்டீங்க."

அன்று முதல் பாத்திரங்கள் ஒரே அடுக்குக்கு வந்தன. மாமியார் ஜன்னலோரம் படுத்தாள். மாஸ்க்கை வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. மருந்து தொடங்கிய மறுநாள் கழிவறைக்குள்ளிருந்து, "ஐயோ, ரத்தம்!" என்று அலறினாள்.

"ரத்தமில்ல அத்தை, மாத்திரைச் சாயம். எனக்கும் ஆரஞ்சாத்தான் போகுது."

"முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? உயிரே போயிடுச்சு!"

"இப்பவும் மிக்ஸி போட்டிருந்தீங்களோ என்னவோ."

மருமகளுக்கு மாத்திரைகள் அதிகம். புது மருந்துக்கு ஏற்றபடி பழைய மருந்தையும் இரண்டு வேளை ஆக்கியிருந்தார்கள். குமட்டலோடு அவள் மெஷினில் தலை சாய்த்துக் கிடக்கும்போது, மாமியார் மாஸ்க்குக்குப் பின்னாலிருந்து, "போதும் எழுந்திரு, தெருவுல யாரும் அம்மணமா நிக்கல" என்று அதட்டுவாள். அதட்டிவிட்டுக் கஞ்சி ஆற்றுவாள்.

இருமல் அடங்கியது. சளியில் இப்போது கிருமி இல்லை, மாஸ்க்கைக் கழற்றலாம், மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது என்றார்கள். அடுத்த பரிசோதனைக்குக் கிளம்பிய காலையில் மாமியாரின் ஜாக்கெட் தோளில் நிற்காமல் வழிந்தது. ஊக்கின் மேல் ஊக்காகக் குத்திப் பார்த்தாள்.

"இதுக்குள்ள நானும் வந்துடலாம் போலிருக்கே" என்றாள் மருமகள். சிரிப்பு முடிந்ததும் தரையைப் பார்த்தாள். "ஒரு அளவு ஜாக்கெட் குடுங்க அத்தை, அதை வச்சே தைச்சுடறேன். தொடக்கூட வேண்டியதில்ல."

மாமியார் பீரோவைத் திறந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து மார்பில் வைத்துப் பார்த்தாள். எல்லாம் யாரோ ஒரு பருத்த பெண்ணின் ஜாக்கெட்டுகள். எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். மெஷினுக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் போய் நின்றாள். ஊக்குகளைக் கழற்றி மருமகளின் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்றே விலக்கித் தூக்கிக்கொண்டாள்.

"எந்த ஜாக்கெட்டும் என் அளவுல இல்லடி. டேப்பை எடு. என் மேல வச்சு அளவெடுத்து, நீயே எனக்குத் தைச்சுக் குடு."